நாமக்கல் பக்கத்து நீட் ரிப்பீட்டர் விடுதி: காசு கட்டிய அம்மாவும் அனாட்டமி வாத்தியாருமான ஒருத்தியின் மதிப்பீடு

முதலில் காசு. எல்லோரும் கேட்பது அதைத்தான். ரிப்பீட்டர் பேட்ச் (நீட்டை மறுபடி எழுதுகிறவர்களுக்கானது), விடுதி, மெஸ், மெட்டீரியல், டெஸ்ட் சீரீஸ் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் ரூபாய், மூன்று தவணை. முந்தைய நீட் மதிப்பெண் 600க்கு மேல் இருந்தால் பாதிக் கட்டணம். 550க்கு மேல் இருந்தால் கால்வாசி தள்ளுபடி. என் மகன் 2024ல் எடுத்தது 571. அதனால் எங்களுக்குக் கால்வாசி குறைந்தது. முந்நூறு சொச்சம் எடுத்த பிள்ளையின் அப்பா, அரூர்ப் பக்கத்து விவசாயி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழுத் தவணையையும் எண்ணிக் கொடுத்தார். ஃப்ளெக்ஸ் போர்டில் முகம் வரப்போகிற பிள்ளைக்கு ஆகும் செலவை, வராத பிள்ளையின் வீட்டில் வாங்குகிறார்கள். நான் விசாரித்த எல்லா இடங்களிலும் இதுதான் வழக்கம். தெரிந்துகொண்டு போங்கள்.

இடத்தின் பெயரைப் போடப்போவதில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் இதே கட்டடம், இதே டைம்டேபிள், இதே நீல நிற டி-ஷர்ட்டோடு எத்தனையோ இருக்கின்றன. ஒன்றைப் பற்றிச் சொன்னால் மற்றதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எனக்கு இதில் என்ன யோக்கியதை என்றால், நான் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் அனாட்டமி, அதாவது உடற்கூறியல், துறையில் இருக்கிறேன். ப்ளஸ் டூ கட்-ஆஃபில் வந்த காலத்திலிருந்து முதலாண்டுப் பிள்ளைகளைத்தான் பார்த்துவருகிறேன். இந்தக் கடையில் சரக்கு வாங்கியவளும் நான், இந்தக் கடைச் சரக்கு போய் இறங்குகிற இடத்தில் நிற்பவளும் நான். மற்ற பெற்றோர்கள் ரிசல்ட்டோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடப்பதும் தெரியும் என்பதால் இது கொஞ்சம் நீளும்.

சொன்னதைச் செய்தார்களா? செய்தார்கள். இதை மறைக்கக் கூடாது. காலை ஐந்து மணிக்கு மணி. ஐந்தரைக்கு ஸ்டடி ஹாலில் இருக்க வேண்டும். எட்டு மணியிலிருந்து ஒரு மணிவரை வகுப்பு, சாப்பாடு, மறுபடி வகுப்பு, நாலரைக்கு டீ, சுண்டல், பிறகு அன்றைய பாடத்தில் ஒரு குட்டி டெஸ்ட், இரவு பத்தரைவரை படிப்பு. ஞாயிற்றுக்கிழமை முழு மாதிரித் தேர்வு. உண்மையான தேர்வு நடக்கும் அதே நேரம், இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை. ஓ.எம்.ஆர். தாளில் கறுப்புப் பேனாவால் வட்டம் நிரப்புவதையே தனியாகப் பழக்குகிறார்கள். வேடிக்கையாகத் தெரியும். ஆனால் 180 கேள்வியை 180 நிமிடத்தில் முடிக்க வேண்டிய தேர்வில் வட்டம் நிரப்பும் வேகமும் ஒரு விஷயம்தான். தெரியாத கேள்வியைத் தொடாமல் விடுவதற்கும் பயிற்சி உண்டு. தப்பாகத் தொட்டால் ஒரு மதிப்பெண் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும், கை மட்டும் கேட்காது. என் மகன் 2024ல் அப்படி இழந்ததே முப்பதுக்கு மேல். இங்கே போய் அந்த வியாதி தீர்ந்தது.

பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர் ஆந்திராக்காரர். தமிழ் பாதி, தெலுங்கு பாதி, இங்கிலீஷ் மீதி. இந்த மதிப்பீட்டில் ஐந்து நட்சத்திரம் அவர் ஒருவருக்குத்தான். கணக்கை நேராக விடைக்குக் கொண்டுபோகாமல், முதலில் படம் போடச் சொல்வார், யூனிட்டைச் சரிபார்க்கச் சொல்வார். 2025 நீட்டில் பிசிக்ஸ் தாள் எல்லோரையும் கலங்கடித்தது ஞாபகம் இருக்கும். 2024ல் 720க்கு 720 எடுத்தவர்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள். 2025ல் நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686தான். அந்தத் தாளில் என் மகன் தாக்குப்பிடித்ததற்கு இவர்தான் காரணம். முந்தைய வருடம் 571க்குக் கிடைக்காத அரசு இடம், அந்த வருடம் 530 சொச்சத்துக்குக் கிடைத்தது. பையன் வளர்ந்தானா தேய்ந்தானா என்று மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால் அவன் பாட்டியே குழம்பிப்போவார். நீட் ஒரு வரிசை. உங்கள் பிள்ளை வரிசையில் எங்கே நிற்கிறான் என்பதுதான் செய்தி.

பயாலஜிக்கு மத்தியப் பாடத்திட்டத்தின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் வரிவரியாக. வரிவரி என்றால் நிஜமாகவே வரி. எந்தப் படம் எந்தப் பக்கத்தில், எந்தப் பத்தியின் கடைசி வாக்கியத்தில் கேள்வி ஒளிந்திருக்கிறது என்பதுவரை. அந்த மேடத்தின் உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வயிறு கலங்கியது இந்த வகுப்பு நோட்டைப் பார்த்தபோதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

சாப்பாடு: இட்லி கல். சாம்பார் பரவாயில்லை. புதன், ஞாயிறு கோழிக் குழம்பு. கொங்கு நாட்டுப் பக்கம் என்பதால் அதில் மட்டும் தேங்காயும் மிளகும் ஒழுங்காக விழுந்தன. தயிர் சாதம் இரவில் தாராளம். பெண்கள் விடுதியில் இருந்த ஒரு தோழியின் மகள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அங்கே தண்ணீர்ப் பிரச்சினை அதிகம். ஆண்கள் விடுதியில் பத்துப் பேருக்கு ஒரு கழிவறை என்றார்கள், காலை ஐந்து மணிக்கு அந்தக் கணக்குக்கு அர்த்தம் இல்லை.

செல்போன் கிடையாது. ஞாயிறு மாலை வார்டன் அறையிலிருந்து பத்து நிமிடம் பேசலாம், பின்னால் வரிசை நிற்கும். டெஸ்ட் மதிப்பெண்ணை ரேங்க் வரிசையில் மெஸ் வாசலில் ஒட்டுவார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் அதைப் பார்க்காமல் சாப்பிடப் போக முடியாது. மாதத்துக்கு ஒருமுறை ரேங்க்படி பேட்ச் மாற்றம். மேல் பேட்ச்சுக்குப் பெரிய ஆசிரியர்கள், கீழ் பேட்ச்சுக்குப் போன வருடம்தான் பி.எஸ்சி. முடித்த பிள்ளைகள். அந்த அரூர் விவசாயியின் மகள் கடைசிவரை கீழ் பேட்ச்சிலேயே இருந்தாள். முழுக் கட்டணம் கட்டியவளுக்கு ஆந்திராக்காரரின் வகுப்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதற்கு ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்க எனக்கு மனசில்லை.

இனி என் கல்லூரியின் டிசெக்ஷன் ஹால் பக்கம், உடலை அறுத்துப் பார்த்துப் படிக்கிற இடம்.

முதல் வாரத்தில் நான் ஒரு மேற்கை எலும்பை, ஹ்யூமரஸை, பிள்ளைகள் கையில் கொடுப்பேன். "இது வலதா, இடதா, சொல்லு" என்பேன். இது கஷ்டமான கேள்வி இல்லை. உருண்டையான தலை உடம்பின் உள்பக்கம் பார்க்கும், கீழ்முனையில் இருக்கிற ஆழமான குழி பின்பக்கம் இருக்கும். இரண்டையும் வைத்துப் பிடித்துப் பார்த்தால் தானே தெரிந்துவிடும். நீட்டில் அறுநூறு எடுத்துவிட்டு வந்த பிள்ளை எலும்பை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கும். ஒவ்வொரு காலிலும் கையிலும் முப்பது எலும்பு என்று தெரியும். பன்னிரண்டு ஜோடி விலா எலும்பில் ஏழு உண்மை விலா என்று தெரியும். எட்டு, ஒன்பது, பத்து எதோடு ஒட்டும் என்பதும் தெரியும். நாலு விடையைக் கொடுத்திருந்தால் தொட்டிருக்கும். எலும்பைத் திருப்பிப் பார் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை.

"நடுவில் உடைஞ்சா மணிக்கட்டு ஏன் தொங்கிப்போகுது?" என்று அடுத்ததைக் கேட்பேன். பின்பக்கம் ரேடியல் நரம்பு ஓடுகிற பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லும் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். அந்தப் பிள்ளைகளின் பெயரை நான் குறித்துவைத்துக்கொள்வேன். வருடக் கடைசியில் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்ற மாட்டார்கள். அவர்களின் நீட் மதிப்பெண் என்னவென்று ஆரம்பத்தில் கேட்கும் பழக்கம் இருந்தது. இப்போது கேட்பதில்லை, அதை வைத்து ஒன்றும் ஊகிக்க முடியவில்லை.

நீட் முழுக்க விடை தேர்ந்தெடுக்கும் தேர்வு. எம்.பி.பி.எஸ். யூனிவர்சிட்டி எக்ஸாமில் அந்த வகைக் கேள்விக்கு, 2019ல் வந்த புதிய பாடத்திட்ட விதிகளின்படி, எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் இடம் கிடையாது. மீதியெல்லாம் எஸ்ஸே, ஷார்ட் நோட்ஸ். அதுபோக பிராக்டிக்கல், வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. அக்குளைப் பற்றி ஓர் எஸ்ஸே எழுது என்றால் எல்லைகள், உள்ளே இருப்பவை, படம், கடைசியில் நோயாளியிடம் இதனால் என்ன பயன் என்று நாலு பக்கம் போக வேண்டும். கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வில் எனக்கு வருகிற தாள்களில் அக்குள் எட்டு வரியில் முடிந்துபோகிறது. எட்டு வரியும் சரியாகத்தான் இருக்கும், தவறான தகவல் ஒன்றும் இருக்காது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சம்பந்தம் இருக்காது. இரண்டு வருடமாக, சிலர் மூன்று வருடமாக, பேனாவை வட்டம் நிரப்ப மட்டுமே பிடித்த கை.

அப்படியானால் பழைய ப்ளஸ் டூ காலம் பொற்காலமா என்றால், நான் அந்தக் கட்சியும் இல்லை. தமிழ்நாட்டில் 2007லிருந்து 2016வரை நுழைவுத் தேர்வே இல்லாமல் ப்ளஸ் டூ மதிப்பெண்ணில்தான் மருத்துவ இடம். பயாலஜி நூறு, பிசிக்ஸ் ஐம்பது, கெமிஸ்ட்ரி ஐம்பது, மொத்தம் 200. அதில் 198க்கு மேல் வைத்துக்கொண்டு வந்தவர்களை நான் பாடம் எடுத்திருக்கிறேன். அதே நாமக்கல் பக்கம்தான் அப்போதும். ப்ளஸ் ஒன் பாடத்தையே ஓரங்கட்டிவிட்டு, ப்ளஸ் டூ புத்தகத்தை இரண்டு வருடம் திரும்பத் திரும்ப எழுதவைத்த பள்ளிகளை யாரும் மறந்திருக்க முடியாது. அந்தப் பிள்ளைகள் அழகாக எழுதுவார்கள். ஸ்கேல் வைத்துத் தலைப்புக்குக் கோடு போடுவார்கள். படம் அச்சு மாதிரி இருக்கும். ஆனால் புத்தகத்தில் இருக்கும் வரிசையை மாற்றிக் கேட்டால் நின்றுவிடுவார்கள். "இது எங்க மேம் இருக்கு, எந்தப் பக்கம்?" என்று பதிலுக்கு என்னிடம் கேட்பார்கள். இரண்டு காலத்துப் பிள்ளைகளிலும் தேறியவர்கள் ஒரே வகை, தடுமாறியவர்களும் ஒரே வகை.

அது என்ன வகை என்பதற்கு இந்த விடுதியையே உதாரணமாகச் சொல்கிறேன். மகனைப் பார்க்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டனிடம், "ஒரு நாள் சாயங்காலம் அவங்களே என்ன படிக்கணும்னு முடிவு பண்ணிக்கட்டுமே சார், ஸ்டடி ஹாலுக்கு சப்ஜெக்ட் போடாம விடுங்களேன்" என்றேன். அவர் பெரிய மனுஷர், மரியாதையாகச் சிரித்தார். "அப்படி விட்டா பசங்க படிக்க மாட்டாங்க மேடம். பேரன்ட்ஸ் எங்களைத்தான் கேப்பாங்க" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அவர் விற்பதும் அதைத்தான். எப்போது எழுவது, எதைப் படிப்பது, எவ்வளவு நேரம், எதை விட்டுவிடுவது, எல்லாவற்றையும் வேறு ஒருவர் முடிவு செய்து கொடுக்கிறார். நாம் கட்டும் பணத்தில் பெரும்பகுதி அதற்குத்தான்.

மருத்துவக் கல்லூரி விடுதியில் மணி அடிக்காது. காலை எட்டு மணி வகுப்புக்கு வந்தாயா என்று எழுபத்தைந்து சதவீத அட்டெண்டன்ஸ் கணக்குக்குப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழும். ஒரு வாரத்துக்கான அனாட்டமி மட்டும் ஓர் என்.சி.இ.ஆர்.டி. புத்தக அளவு. இதில் எதை ஆழமாகப் படிப்பது, எதைப் பார்த்துவிட்டுப் போவது என்று ஒவ்வொரு இரவும் முடிவு செய்ய வேண்டியவன் பிள்ளைதான். போன பேட்ச்சில் முதல் இன்டர்னலில் மூன்றிலும் தோற்ற ஒரு பையனைக் கூப்பிட்டு, "எப்படிப்பா படிக்கிற?" என்றேன். அவன் பொய் சொல்லவில்லை, சோம்பேறியும் இல்லை. "ஷெட்யூல் எதுவும் குடுக்கலையே மேம்" என்றான்.

அவன் அடுத்து என்ன செய்தான் தெரியுமா? ஓர் ஆப்புக்குச் சந்தா கட்டினான். எம்.பி.பி.எஸ். முதலாண்டுக்கே வீடியோ, நோட்ஸ், டைம்டேபிள், டெஸ்ட் எல்லாம் விற்கிறார்கள் இப்போது. வகுப்பில் உட்கார்ந்து காதில் பட்டனைச் செருகிக்கொண்டு அதைப் பார்க்கும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். முதலாண்டைத் தாண்ட அதிகபட்சம் நாலு வாய்ப்பு, நாலு வருடத்துக்குள். இது சேருவதற்கு முன் யாரும் வீட்டில் சொல்வதில்லை, கோச்சிங் சென்டர் ஃப்ளெக்ஸிலும் வராது.

பள்ளி மதிப்பெண்ணுக்கும் மருத்துவப் படிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று மேடையில் பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கிலாந்தில் மக்மேனஸ் என்பவரின் குழு இதையே வருடக்கணக்காகத் துருவியது. 2013ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஏ லெவல் என்கிற பள்ளி இறுதித் தேர்வை நன்றாகச் செய்தவர்கள் மருத்துவக் கல்லூரியிலும், டாக்டரான பிறகு வெகுகாலம் கழித்து எழுதும் எம்.ஆர்.சி.பி. என்கிற மேல்நிலைத் தேர்விலும்கூட நன்றாகச் செய்வது தெரிந்தது. உள்ளே வந்துவிட்டவர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தச் சம்பந்தம் மங்கித் தெரியும். மதிப்பெண் குறைந்தவர்கள்தான் உள்ளேயே வரவில்லையே, யாரோடு ஒப்பிடுவது? என் ஹாலில் 530க்கும் 560க்கும் வித்தியாசம் தெரியாமல் போவது அதனால்தான். 530க்கும் 200க்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று சொல்ல எனக்கு வழியில்லை, சில தனியார் கல்லூரி நண்பர்களுக்கு இருக்கிறது. அவர்கள் அதைப் பற்றி ஃபோனில்தான் பேசுவார்கள்.

ஆனால் ஏ லெவல் என்பது பள்ளியில் படித்த பாடத்தையே எழுதிக் காட்டும் தேர்வு. பள்ளியும் தேர்வும் அங்கே ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நம்மிடம் அது பிய்ந்துபோய்விட்டது. ப்ளஸ் டூவில் பாஸாகி, மூன்று பாடத்தில் ஐம்பது சதவீதம், ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு நாற்பது, அதை எடுத்தால் போதும். அதற்கு மேல் எடுக்கிற ஒரு மதிப்பெண்ணும் கணக்கில் வராது. கணக்கில் வராத பரீட்சைக்கு எந்தப் பிள்ளை எழுதிப் பழகும், எந்தப் பள்ளி லேபைத் திறக்கும்? தவளையைக்கூட விடுங்கள், மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்ததே இல்லை என்று சொல்கிற பிள்ளைகள் திசுக்களைப் பார்த்துப் படிக்கிற ஹிஸ்டாலஜி லேபுக்கு வருகிறார்கள். ஒரு கண்ணை மூடவே தெரியவில்லை.

பயாலஜி நோட்டைப் பார்த்து வயிறு கலங்கியது என்று மேலே சொன்னேன். வயிறுதான் காரணம். 2024 முதல் நீட் பாடத்திட்டத்தில் செரிமானம் என்கிற அத்தியாயமே இல்லை. என் மகனின் நோட்டில் செடியின் தண்டைக் குறுக்கே வெட்டினால் என்ன தெரியும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. இரைப்பை இல்லை, கல்லீரல் இல்லை, சிறுகுடல் இல்லை. கண்ணும் காதும்கூட எடுக்கப்பட்டுவிட்டன. நம் மாநிலப் பாடத்திட்டப் ப்ளஸ் ஒன் விலங்கியலில் செரிமானத்துக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். மேடத்திடம் கேட்டேன். "அது சிலபஸ்ல இல்லீங்க மேடம், டைம் வேஸ்ட்" என்றார். டாக்டருக்குப் படிக்கப் போகிறவனுக்கு வயிறு டைம் வேஸ்ட். அவர் மேல் தப்பில்லை, அவருக்குக் கொடுத்த வேலை அப்படி.

இன்னொரு வகைப் பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். 2020லிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. நீட் மதிப்பெண் மற்றவர்களைவிடக் குறைவாக வைத்துக்கொண்டு வருகிறார்கள். முதல் இரண்டு மாதம் இங்கிலீஷில் திணறுகிறார்கள், வைவாவில் வாய் திறப்பதில்லை, தெரிந்தாலும் சொல்வதில்லை. இவர்களில் சிலர் கடைசிவரை சிரமப்படுகிறார்கள், அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், தானாகவே உட்கார்ந்து படித்துப் பழகி வந்த பிள்ளையாக இருந்தால் கதை வேறு. இரண்டாவது இன்டர்னலிலேயே தெரிந்துவிடும். இங்கிலாந்து ஆய்வுகளிலும் இப்படி ஒன்றைக் கண்டார்கள்: ஒரே ஏ லெவல் மதிப்பெண் எடுத்த இருவரில், சுமாரான பள்ளியிலிருந்து வந்தவர் மருத்துவக் கல்லூரியில் சற்று மேலாகச் செய்கிறார். யார் தயவும் அதிகம் இல்லாமல் எடுத்த மதிப்பெண்ணுக்கு எடை கூடுதல் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கை 2021ல் ஒரு கணக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் ரிப்பீட்டர்கள் 2016-17ல் நூற்றுக்கு 12.47 பேர். 2020-21ல் 71.42 பேர். எம்.பி.பி.எஸ். சேர்ந்ததும் நடக்கும் ஃபவுண்டேஷன் கோர்ஸ் நாட்களில் முதல் முயற்சியில் வந்தவர்கள் கை தூக்குங்கள் என்பேன். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கை எழும்பும். ஆகவே இந்த மாதிரி இடங்களுக்குப் போவதா வேண்டாமா என்பதெல்லாம் பணக்காரர்களின் தத்துவ விசாரணை. போகாமல் முடிகிறவர்கள் குறைவு, என் வீட்டிலேயே முடியவில்லை.

அதனால் யார் போகலாம் என்பதைச் சொல்கிறேன். பள்ளியில் ஒழுங்காகப் படித்து, முதல் முயற்சியில் இடத்துக்கு அறுபது, எழுபது மதிப்பெண் தூரத்தில் நின்றுவிட்ட பிள்ளைக்கு ஒரு வருடம் இங்கே வீண் போகாது. 250, 300ல் இருக்கும் பிள்ளையை இதே இடத்துக்கு அனுப்பாதீர்கள், கீழ் பேட்ச்சில் உட்கார்ந்து வீட்டுக் காசில் மேல் பேட்ச்சை வாழவைப்பாள். சிறிய பேட்ச் வைத்திருக்கிற உள்ளூர் ஆள் அவளுக்குப் பொருத்தம். மூன்றாவது வருடமாக ரிப்பீட் செய்ய நினைக்கிறவர்கள் தயவுசெய்து வேறு படிப்பையும் பாருங்கள்.

அட்மிஷன் ஆபீஸில் என் மகளைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி எட்டாவதுங்களா மேடம்? ஃபவுண்டேஷன் பேட்ச் இருக்குது, இப்பவே போட்டுட்டா ப்ளஸ் டூவோட முடிஞ்சிரும்" என்றார்கள். இது மட்டும் வேண்டவே வேண்டாம். பதினெட்டு வயதுப் பையனுக்கு ஒரு வருடம் மணியடித்துப் படிக்கவைத்தால் அது ஒரு வருடத்தோடு போகிறது. பதின்மூன்று வயதிலிருந்து அடித்தால் மணி இல்லாமல் படிப்பது என்றால் என்னவென்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அப்படி வந்தவர்களை ஹாலில் பார்க்கிறேன், மதிப்பெண் பிரமாதமாக இருக்கிறது. என் மகள் எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே படிக்கிறாள், வாரத்தில் பாதி நாள் கோ-கோ ஆடிவிட்டு வருகிறாள்.

விடுதியில் சேர்த்த பிறகும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தேர்வு மே முதல் வாரம் முடிந்துவிடும். கல்லூரி திறக்கக் குறைந்தது மூன்று, நாலு மாதம் ஆகிறது. அந்த நேரத்தில் பிள்ளையை எழுதவையுங்கள். எதையாவது, ப்ளஸ் ஒன் விலங்கியலின் செரிமான அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து நாலு பக்கம். என் மகனிடம் சொன்னேன், சுற்றுலா போய்விட்டான். முதல் இன்டர்னலில் பிசியாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் பாஸ், அனாட்டமி போச்சு. "உங்க டிபார்ட்மென்ட்டே இப்படித்தாம்மா, என்ன எழுதினாலும் போதலைங்கறாங்க" என்று ஃபோனில் என்னிடமே புகார் சொன்னான். இரண்டாவதில் தேறிவிட்டான். இப்போது இரவு என்ன படிப்பது என்று தானே ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்கிறானாம், அதை அவன் அறைத் தோழன்தான் சொன்னான்.

நட்சத்திரம்: நீட்டுக்காக மட்டும் என்றால் நாலு. உணவுக்கு இரண்டரை, கழிவறைக்கு ஒன்று, ரேங்க் ஒட்டும் பழக்கத்துக்குப் பூஜ்யம். எம்.பி.பி.எஸ்.க்குத் தயார் செய்கிறார்களா என்றால் அவர்கள் அப்படிச் சொல்லி வாங்கவில்லை, நாம்தான் அப்படி நினைத்துக் கொடுக்கிறோம், அதனால் அதற்கு மதிப்பெண் போடவில்லை. சேர்ப்பதாக இருந்தால் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கேட்டு வாங்குங்கள், எந்த ஆசிரியர் எந்த பேட்ச்சுக்கு என்று எழுத்தில் கேளுங்கள், கொடுக்க மாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள். மேல்மாடி அறை வேண்டாம், ஏப்ரலில் படுக்க முடியாது. காஷன் டெபாசிட் ஐயாயிரத்தைத் தனியாக வாங்குவார்கள், பிள்ளை காலி செய்கிற அன்றே கையோடு வாங்கிவிடுங்கள். ரிசல்ட் வந்த அன்று என் மகனின் போட்டோ கேட்டு விடாமல் ஃபோன் செய்தார்கள், ராசிபுரம் ரோட்டில் ஃப்ளெக்ஸும் வைத்தார்கள். ஐயாயிரம் இன்னும் வரவில்லை.